கோப்பில் இல்லாத அப்பா

1

அடுத்த மாதம் அப்பாவின் திவசம். இந்த வருடம் அது நடக்காது. நிறுத்தியது நான்தான்.

பதினைந்து வருடமாக என் தங்கை ரஞ்சி அதைச் செய்துவந்தாள். அக்கராயனில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற குடும்பம் அவளுடையது. அறுவடை மும்முரத்தில் அந்தத் திதி வரும். வந்தால் அவள் வெட்டுக்கு வந்த வயலையும் விட்டுவிட்டு விடிய எழும்பித் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்வாள், ஐயரைக் கூப்பிடுவாள், அப்பாவுக்குப் பிடித்த கறிகளெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்பாள். காகத்துக்கு வைக்கும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டாள். இங்கே சுவிஸில் நான் அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாமல் வேலைக்குப் போவேன். அவ்வளவுதான் என் பங்கு.

அந்தத் திகதி பொய். அன்றைக்கு அப்பா சாகவில்லை. என்றைக்குச் செத்தார் என்றும் எனக்குத் தெரியாது.

ஊரில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக் குளிரில் இவளுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று முரசுமோட்டையில் ஏற்கெனவே கதை அடிபடுகிறதாம். அடிபடட்டும். மண்டைக்கு வைத்தியம் பார்க்கப் போனவள்தான் நான். இரண்டு வருடமாகப் போகிறேன், இனியும் போவேன். அதைக் காய்ச்சல் என்றும் கழுத்து நோவு என்றும் சொல்லித் திரிய எனக்கு விருப்பமில்லை.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே இரண்டாம் மாடியில் ஒரு கிழவர் இருந்தார். சீனி வருத்தத்தில் கால் புண்ணாகிக் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர். நான் நிலம் துடைக்கும்போது ஏதாவது கதைப்பார். எனக்குப் பாதி விளங்கும், மீதிக்குச் சிரிப்பேன். ஒரு நாள் நான் தண்ணீர்க் குவளையை அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, நாளைக்கு வருவாயா என்று கேட்டார். ஓம், நாளைக்கு வருவேன் என்று சொன்னேன்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அது லிப்டில் கீழே இறங்கும்போதுதான் நினைவு வந்தது. உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் துவாய்களை அணைத்துக்கொண்டு நின்றேன். கால் எடுபடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேற்பார்வையாளர் வந்து கையைப் பிடித்து இருத்தும்வரை அப்படியே நின்றிருக்கிறேன்.

குடும்ப வைத்தியர் உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். உளவளத்துணைக்குக் கடிதம் தந்தார். ஊரில் விசர் டொக்டர் என்று சொல்வோமே, அதுதான். கடிதத்தைக் கொண்டுபோனால் காத்திருப்போர் பட்டியல் என்றார்கள். அந்தப் பட்டியலில் மாதக்கணக்கில் இருந்த பிறகு ஒரு படிவம் வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் வாழ்க்கையில் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், பெட்டிக்குள் புள்ளடி இடவும்.

அதை எனக்கு வாசித்துச் சொன்னவன் என் மகன் அருண். இப்போது பதினெட்டு வயது, மின்சார வேலை பழகுகிறான். அவனுடைய தமிழ் அம்மா, பசிக்குது, காசு தாங்கோ என்ற அளவோடு நின்றுவிட்டது. அவன் படிவத்தைப் பார்த்து, ஜேர்மனில் ஒருமுறை முணுமுணுத்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டே, "அம்மா, உங்களுக்குச் சாக விருப்பம் வந்ததோ?" என்று கேட்டான். பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டால் யார் ஓம் என்று சொல்வது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். படிவத்தின்படி அந்த மாவட்டத்திலேயே சந்தோஷமான மனுஷி நான்தான்.

3

முதல் நாள் போகும்போது மஞ்சள் கோப்பைக் கொண்டுபோனேன். நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவோம். பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், முகாம் அட்டை, அப்பாவின் படம், அகதி விசாரணையின் நகல், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருக்கும்.

அறைக்குள் ஒரு மேசை. மேசையில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர், ஒரு பெட்டி கடுதாசிக் கைக்குட்டை. ஒரு பக்கம் கெல்லர் என்ற வைத்திய அம்மா, நரைத்த தலையும் மடியில் ஒரு குறிப்புப் புத்தகமுமாக. மறு பக்கம் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பதினாலு வருடத்துக்கு முன்னால் அகதி விசாரணை நடந்த அறையும் அச்சாக இப்படித்தான் இருந்தது. அதே குவளையோ என்றுகூட நினைத்தேன்.

என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று கெல்லர் கேட்டார். நான் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் முரசுமோட்டை, கிளிநொச்சி மாவட்டம் என்று தொடங்கினேன். இடம்பெயர்ந்த ஊர்களை ஒழுங்காகச் சொன்னேன்: தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம். மாசி மாதத்துத் திகதியையும் நேரத்தையும் சொன்னேன். ஷெல் குண்டு விழுந்தது, அப்பா அந்த இடத்திலேயே இறந்தார் என்றேன். கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

கெல்லர் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. நான் உறங்குகிறேனா என்று கேட்டார். அது என் அகதிக் கேஸில் இல்லாத கேள்வி. நான் கோப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தப் பிழையை விட்டவள் நான் ஒருத்தி இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்களிடம் யாராவது கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் வைத்து, மெதுவான குரலில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், நடந்தது வராது. கேஸ்தான் வரும். அதைத்தான் பாடமாக்கினோம். ஒரு திகதி பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ரயிலிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினோம்.

இங்கே பேசுவது வெளியே போகாது என்று மொழிபெயர்ப்பாளர் முதலிலேயே சொன்னார்தான். மேசைக்குப் பின்னால் கதிரையில் இருக்கிற எந்த மனிதர் சொன்ன உறுதிமொழியை நாங்கள் இதுவரை நம்பியிருக்கிறோம்?

4

கேஸ் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து, ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தபோது, என் கதையைக் கேட்டு எழுதித் தந்தவர் ஒரு அண்ணை. கெட்ட மனிதர் இல்லை. எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்து வாழவைத்தவர். நான் அவருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, உயிரோட விட்டிட்டு வந்தனான் எண்டு சொன்னா, இப்ப எங்க இருக்கிறார் எண்டு கேப்பாங்கள். தெரியாது எண்டா பொய் எண்டு எழுதுவாங்கள். ஷெல் விழுந்து செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ. ஒரு வரியில முடிஞ்சிடும்."

கேஸில் மற்றதெல்லாம் உண்மை. முகாம் உண்மை, விசாரணை உண்மை, என் முதுகில் இருக்கிற தழும்பு உண்மை. அப்பா செத்ததாக எழுதிய அந்த ஒரு பந்தி மட்டும் அண்ணையுடையது. திகதியையும் அவர்தான் போட்டார். சுவரில் தொங்கிய கலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டார்.

போர் நடந்தபோது ரஞ்சி வன்னிக்குள் இல்லை. கலியாணம் கட்டி வவுனியாவில் இருந்தாள். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டா. என் கணவர் அப்போது கட்டாரில். ஆக அப்பாவோடு இருந்தது நானும் இரண்டு வயது அருணும்தான். முகாமுக்கு என்னைப் பார்க்க வந்த ரஞ்சியிடம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அப்பா போயிட்டார் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு நாள் மரணச் சான்றிதழ் எடுக்கவும் திவசம் செய்யவும் திகதி வேண்டும் என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். அன்றைக்கு மஞ்சள் கோப்பு என் மடியில் கிடந்தது. பார்த்து வாசித்தேன். ஐயர் அந்தத் திகதிக்குப் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துக் கொடுத்தார்.

இப்படித்தான் ஒரு கலண்டரில் கண்ணை ஓடவிட்டுப் போட்ட திகதிக்கு என் தங்கை பதினைந்து வருடம் விரதம் பிடித்தாள்.

5

கெல்லர் எனக்கு ஷெல்லுக்கு வைத்தியம் பார்த்தார். ஷெல் சத்தம் மனதில் கேட்டால் உடனே அறையைச் சுற்றிப் பார்த்து நீல நிறப் பொருட்களை எண்ணவேண்டும், காலை நிலத்தில் ஊன்றி மூச்சு விடவேண்டும். நானும் நல்ல மாணவியாக எண்ணினேன். வாளி நீலம், கையுறை நீலம், துடைப்பத்தின் பிடி நீலம். சத்தம் குறைந்ததா என்று கேட்டால் குறைந்தது என்பேன். கேட்காத சத்தம் குறையாமல் என்ன செய்யும்?

பிறகு மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். இத்தனை தடவைக்கு மேல் அவரை அனுப்ப முடியாது என்று ஒரு கடிதம். காப்புறுதிக்காரர் அது தங்கள் பொறுப்பில்லை என்று இன்னொரு கடிதம். உங்கள் மகனைக் கூட்டி வரலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். முடியாது என்று ஒரே சொல்லில் சொன்னேன். அந்தப் படிவத்தோடு அவனுக்கு அந்த வேலை போதும்.

எனவே நானும் கெல்லரும் என் ஜேர்மனோடு தனியாக விடப்பட்டோம். என் ஜேர்மன் துப்புரவுக்காரியின் ஜேர்மன். வை, எடு, கதவு, தண்ணீர், பாரம், நாளை, முடிந்தது. என் கேஸ் அந்த மொழியில் என்னிடம் இல்லை. அதைத் தமிழில்தான் பாடமாக்கியிருந்தேன்.

ஒரு நாள் கெல்லர் அந்த மாசி மாத நாளைப் பற்றிக் கேட்டார். என்னிடம் இருந்த சொற்களைப் பொறுக்கிப் போட்டேன். அப்பா படுத்திருந்தார். பிள்ளை பாரம். அப்பா பாரம். நான் தண்ணீர் வைத்தேன். நாளை வருவேன் என்று சொன்னேன். நான் வரவில்லை.

"குண்டு?" என்று கேட்டார்.

"குண்டு இல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. கதவைப் பார்த்தேன். இதை அகதி அலுவலகத்துக்கு எழுதுவீர்களா என்று கேட்டேன். உன் சம்மதம் இல்லாமல் இந்த அறையிலிருந்து ஒரு சொல்லும் போகாது என்றார். முதல் நாளும் மொழிபெயர்ப்பாளர் மூலம் அதையேதான் சொன்னார். இந்த முறை நம்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். சீனி வருத்தத்தில் அப்பாவின் கால் அழுகியிருந்தது. முரசுமோட்டையிலிருந்து அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டே போனேன். தேவிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தடியில் வந்தபோது சைக்கிளின் பின் சில்லு நெளிந்துவிட்டது. சனம் கிளம்பிக்கொண்டிருந்தது. அங்கே பாலைமரத்துப் பக்கம் இருந்த கட்டடத்தில் அப்பாவைப் பாயில் படுக்கவைத்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வாறன் அப்பா என்றேன். ஓம் பிள்ளை, நீ போ என்றார். அருணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பி வரமுடியாது என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று கெல்லர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தை எழுத முடியாது. எனக்கு இரண்டு வழி இருந்தது என்றேன். ஒன்று இடுப்பில், ஒன்று பாயில். நான் ஒன்றை எடுத்தேன், ஒன்றை வைத்தேன். எடுத்ததும் வைத்ததும் இந்தக் கைதான். அதை என்னிடமிருந்து பறிக்காதீர்கள். என் ஜேர்மனில் இதற்கு இலக்கணம் இருந்ததோ தெரியாது. கெல்லர் பேனையை மூடி வைத்துவிட்டு, சரி, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றார். என் வாழ்க்கையில் கதிரையில் இருந்த ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

6

இது என்னோடு முடிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சி அழைத்தாள்.

ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்று தொடங்கினாள். ஒன்றரை வருடமாகப் புதன்கிழமைகளில் கிளிநொச்சிக்கு உளவளத்துணைக்குப் போகிறாளாம். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறாள். அதற்காகப் பாதி தைத்த சட்டை ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். ஒன்றரை வருடமாக அதே சட்டைக்கு ஒரு கை இல்லை. மாமியார் இவளை மந்தமான பிள்ளை என்று நினைக்கிறாவாம். சிரித்தோம்.

பிறகு எதற்காகப் போகிறாள் என்று சொன்னாள்.

"அக்கா, நான் வன்னிக்குள்ள நிக்கேல்லை. ஒரு ஷெல்லும் காணேல்லை. ஆனா திவசம் கிட்டவர, நான் காணாத அந்த ஷெல் என்ர குசினிக்குள்ள விழுது. கடுகு வெடிச்சாலும் பதறுறன். அப்பா துண்டு துண்டாக் கிடக்கிறார். படைச்ச சோத்தை நான் எப்பிடித் தின்னுறது?"

அங்கே உளவளத்துணை செய்கிறவள் வற்றாப்பளை ஊர்க்காரப் பிள்ளை, இவளைவிட வயது குறைந்தவள். நல்ல பொறுமையாகக் கேட்பாளாம். சத்தம் வந்தால் அறையில் உள்ள பொருட்களை நிறம் பார்த்து எண்ணச் சொல்லியிருக்கிறாள். ரஞ்சி பச்சையை எண்ணுகிறாளாம்.

அண்ணையின் அந்த ஒரு வரிக்குக் கெல்லரும் வைத்தியம் பார்த்தார், வற்றாப்பளைப் பிள்ளையும் வைத்தியம் பார்த்தாள். என் பொய் இரண்டு நாட்டில் இரண்டு கதிரையில் இருந்து அழுதிருக்கிறது. அதில் ஒருத்தி என் தங்கை. நான் கொடுத்த ஷெல்லில்தான் அவள் காயப்பட்டுக் கிடக்கிறாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் சொல்வது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

7

முதலில் கணவரிடம் சொன்னேன். உணவகத்துக் குசினியில் வேலை செய்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். முழுவதையும் கேட்டார். "இனி ஏனப்பா? அவள் அங்க ஒரு மாதிரி நிம்மதியாச் செய்துகொண்டிருக்கிறாள்," என்றார். நிம்மதியாக என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அவராகவே, நீ சொல்லுறதைச் சொல்லு என்றார்.

அதற்குள் விஷயம் எப்படியோ இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆள் ஒருவரின் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, உங்கட குடியுரிமை விண்ணப்பம் போயிருக்கல்லோ, இந்த நேரத்தில் இது தேவையோ, ஒருவருடைய கேஸில் ஓட்டை என்றால் எங்கள் எல்லாருடைய கேஸையும் கிண்டுவார்கள் என்றார். வேலை மினக்கெட்டு வந்ததற்கு நன்றி சொன்னேன். எங்கள் கேஸில் ஓட்டை விழுந்தது நாங்கள் பொய் சொல்லத் தெரியாததால் இல்லை, எங்கள் உண்மைக்கு அவர்களிடம் பெட்டி இல்லாததால் என்றும் சொன்னேன். தகப்பனை உயிரோடு விட்டுவிட்டு வந்தவளுக்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது? அவர் மீதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

வீம்புக்கு அகதி அலுவலகத்துக்கும் நானே கடிதம் எழுதினேன். இந்தப் பந்தி பிழை, சரியானது இது என்று எழுதி அனுப்பினேன். பதில் ஒரு அச்சடித்த தாளில் வந்தது. விபரங்களை மாற்றுவதற்கு உரிய சான்றை, உதாரணமாக மரணச் சான்றிதழை, இணைக்கவும். என்னிடம் மரணச் சான்றிதழ் இருக்கிறது. அதில் அண்ணை கலண்டரில் பார்த்த திகதி இருக்கிறது. பொய்யைத் திருத்துவதற்கு அந்தப் பொய்யையே சான்றாகக் கேட்கிறார்கள். அந்தத் தாளை நான் மஞ்சள் கோப்பின் முதல் உறைக்குள் வைத்திருக்கிறேன், யாருக்காவது பார்க்க விருப்பமென்றால்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சியை அழைத்தேன். ஷெல் விழவில்லை என்பதில் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாய், தண்ணீர், நாளைக்கு வாறன் என்றது, திகதி எங்கிருந்து வந்தது, இனி அந்தத் திகதியில் திவசம் வேண்டாம் என்பது, எல்லாம். அவளுக்குப் பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது.

"பதினைஞ்சு வருசம் நான் உன்ர பொய்க்கோ விரதம் பிடிச்சனான்?" என்றாள்.

ஓம் என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

8

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், அவள் அழைக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்தாள், பதில் போடவில்லை. கெல்லரிடம் போய் அழுதேன். இந்த முறை உண்மையான அழுகை, கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டி பாதி காலி. சொன்னது பிழையா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். இந்தப் பழக்கம் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. பிழையில்லை என்று நினைக்கிறேன் என்றேன்.

அந்த நாட்களில்தான் அருணுக்கும் சொன்னேன். பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிவிடாமல் பார்த்துச் சொல் என்று கெல்லர் சொல்லியிருந்தார். பார்த்துத்தான், பாதி தமிழும் பாதி ஜேர்மனுமாகச் சொன்னேன். அவன் முதலில் இந்த நாட்டுப் பிள்ளையாகவே கேட்டான்: ஏன் அம்மா ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை? அங்கே கூப்பிட ஒரு இலக்கம் இருந்ததென்று நினைத்தான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"ரெண்டு வயசில நான் நடப்பன்தானே?"

நடப்பாய், ஆனால் அந்த வீதியில் நான் உன்னை இறக்கியிருக்கமாட்டேன் என்றேன். அவன் தலையாட்டினான். எனக்கும் அவனுக்கும் இடையில் அதற்கு மேல் மொழி இல்லை.

ஆறாவது கிழமை ரஞ்சியிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது. எந்தப் பள்ளிக்கூடம்?

எனக்குப் பெயர் நினைவில்லை. பாதைதான் நினைவிருந்தது. அருண் கணினியில் வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைத் திறந்தான். நான் வழி சொன்னேன், அவன் நகர்த்தினான். பரந்தன் சந்தியிலிருந்து முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம். அவன் பிறந்த ஊரை அவனுக்கு நான் காட்டிய முதல் நாள் அது. கூரைகள் புதிது. கிணறு ஒரு சின்னக் கறுப்பு வட்டம். இதுதான் என்றேன். அவனுக்குத் தமிழில் எழுத வராது. அந்த இடத்தில் ஒரு சிவப்புக் குறியைக் குத்திச் சித்திக்கு அனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை அவள் பஸ் பிடித்துப் போனாள். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லவில்லை. அப்பாவை விட்ட இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். புதன்கிழமை எங்கே போகிறாள் என்பதையும் அன்றைக்கே மாமியாரிடம் போட்டு உடைத்துவிட்டாளாம். பஸ்ஸில் இருந்தபடி அழைத்து, இந்த வருடம் திவசம் செய்வதில்லை, நீ சொன்னபடியே நிறுத்துவோம் என்றாள். திகதி தெரியாத அப்பாமாருக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, அன்றைக்கு வழக்கப்படி காத்தோட்டிக்காய்க் கறியோடு படைப்பேன் என்றாள். செத்தாரோ என்பதே எனக்குத் தெரியாது ரஞ்சி என்றேன். "உயிரோட இருந்தாலும் கோவிக்கமாட்டார். சாப்பாடெண்டா அவருக்கு விருப்பம்தானே," என்றாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. அது இருக்கட்டும், அவளுடைய கோபம் எனக்கு வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் காவலாளி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் படலையைத் திறந்துவிட்டார். எத்தனையோ பேர் இப்படி வருகிறவை தங்கச்சி என்றாராம். அங்கிருந்து ரஞ்சி வீடியோவில் அழைத்தாள். பழைய கட்டடம் இல்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

"கிணறு இருக்குதோ?" என்றேன்.

"இருக்கு. கம்பி மூடி போட்டிருக்கு."

"பாலைமரம்?"

"அடிக்கட்டை மட்டும் கிடக்கு."

கிணற்றுக்கு முதுகைக் காட்டி, அடிக்கட்டையை நேரே பார்த்து நிற்கச் சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் கொண்டு போகும்போது நான் அடியை எண்ணினேன். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக எண்ணினேன். இருபத்தெட்டு. ரஞ்சி என்னைவிடக் குள்ளம். உன்ர காலுக்கு முப்பத்தொண்டு வை என்றேன்.

நான் ஒவ்வொரு இடமாக விசாரணைக்குப் போய், ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் எத்தனையோ திகதியும் இலக்கமும் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு இலக்கத்தை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தாள். முப்பத்தொன்றில் ஒரு வகுப்பறைக்குள் நின்றாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. காவலாளி விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போனார். ரஞ்சி குட்டிக் கதிரை ஒன்றை இழுத்து அதில் இருந்தாள். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நிலத்தில் வைத்தாள். தொலைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டதால் எனக்குக் கூரையும் சுற்றுகிற விசிறியும்தான் தெரிந்தன. அருண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அப்பா," என்று ரஞ்சியின் குரல் கேட்டது. "அக்கா நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்லை. நான் வந்திருக்கிறன்."

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நான் நீலத்தை எண்ணவில்லை. அவளும் பச்சையை எண்ணவில்லை.